கொல்லைக் கத்தரியில் சொத்தை விழாமல் காப்பது எப்படி?

(வானொலியில் விவசாயிகளுக்காக ஆற்றிய உரை)



வயலில் என்ன விளைந்தாலும், வீட்டுக் குழம்புக்கென்று கொல்லையிலே நாலு கத்தரிச் செடி வைக்காத வீடு நம் பக்கத்தில் குறைவு. செடி நன்றாகத்தான் வளருது. காயும் பளபளவென்று காய்க்குது. அரிவாள்மணையில் வைத்துப் பிளக்கும்போதுதான் உள்ளே கறுத்துப் போய்ப் புழு நெளிவது தெரியுது. "எல்லாம் சொத்தையா விழுதே, என்னங்க செய்யறது?" என்று அலுத்துக்கொண்டு, பருத்திக்கு அடித்த மருந்தில் மிச்சம் இருப்பதைக் கொல்லைச் செடிக்கும் சிலர் அடித்துவிடுகிறார்கள். அதைத்தான் செய்யக் கூடாது. ஏன் கூடாது, அதற்குப் பதில் என்ன செய்யணும் என்பதை இன்றைக்குப் பார்ப்போம்.

இந்தப் புழுவின் பெயர் தண்டு மற்றும் காய்த் துளைப்பான். வெள்ளை இறக்கையில் பழுப்புப் புள்ளிகள் உள்ள ஒரு சிறிய அந்துப்பூச்சிதான் இதற்குத் தாய். அது ராத்திரி நேரத்தில் இலையின் அடிப்பக்கத்திலும், குருத்திலும், மொட்டிலும் ஒவ்வொன்றாக முட்டை வைக்கும். மூன்று முதல் ஐந்து நாளில் முட்டை பொரியும். பொரிந்த புழு வெளியே சுற்றித் திரிவதில்லை. சில மணி நேரத்துக்குள் குருத்தையோ காயையோ துளைத்து உள்ளே போய்விடும். போன துவாரத்தைத் தன் எச்சத்தாலேயே அடைத்துக்கொள்ளும். சுமார் இரண்டு வாரம் உள்ளேயே தின்று கொழுத்து, பிறகு வெளியே வந்து, காய்ந்த சருகிலும் செடியடியிலும் கூடு கட்டும். ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறை பறக்கத் தயார். நம் ஊரில் குளிர்காலம் என்று சொல்லும்படி பெரிதாக இல்லாததால், வருஷம் பூராவும் இது பெருகிக்கொண்டே இருக்கும்.

இப்போது நீங்களே யோசித்துப் பாருங்கள். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிற புழுவின் மேல், வெளியே அடிக்கிற மருந்து எப்படிப் படும்? படாது. ஆனால் காயின் தோலில் மருந்து தங்கும். கொல்லைக் காயை நாம் மூன்று நாளைக்கு ஒரு தரம் பறிக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை அடித்த மருந்து புதன்கிழமை குழம்பில் வந்து, குழந்தைகள் தட்டில் விழும். போதாக்குறைக்கு, இந்தப் புழுவைத் தேடிக் கொல்கிற சின்னக் குளவிகளும் அந்த மருந்தில் செத்துப் போகும்.

இந்த ஒரு புழுவுக்காகவே மரபணு மாற்றிய கத்தரியை உருவாக்கினார்கள். 2010 பிப்ரவரியில் மத்திய அரசு அதை நிறுத்தி வைத்தது. வங்கதேசத்தில் 2014இல் அதைப் பயிரிடத் தொடங்கினார்கள். இவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டியிருந்த புழுவைக் கொல்லையில் அடக்குவதற்கு உங்கள் கை விரல்களே போதும். பத்துச் செடிதானே!

எப்படி என்கிறீர்களா? செடி காய்க்கத் தொடங்குமுன்பே புழு குருத்துக்குள் வந்துவிடும். நன்றாக இருக்கிற செடியில் ஒரே ஒரு கொழுந்து மட்டும் தலை தொங்கி வாடி நிற்கும். தண்ணீர் போதவில்லை என்று நினைக்காதீர்கள். தண்ணீர் குறைந்தால் செடி முழுக்க வாடும். புழு இருந்தால் அந்தக் குருத்து மட்டுமே வாடும். வாடிய இடத்துக்கு இரண்டு அங்குலம் கீழே கிள்ளி எடுத்துப் பிளந்து பாருங்கள். இளஞ்சிவப்பாக ஒரு புழு இருக்கும். வாரம் இரண்டு நாள், காலையில் ஒரு சுற்று வந்து இப்படிக் கிள்ளிவிட்டால், காய்க்குப் போக வேண்டிய புழு குருத்திலேயே முடிந்துவிடும். கிள்ளிய இடத்தில் பக்கக் கிளை வரும், நஷ்டம் இல்லை.

கிள்ளிய குருத்தையும் சொத்தைக் காயையும் எருக்குழியில் போடாதீர்கள். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். குழியில் போட்ட புழு சாகாது. வெளியே வந்து கூடு கட்டிப் பூச்சியாகித் திரும்ப உங்கள் செடிக்கே வரும். சோப்புக் கரைத்த தண்ணீரில் போட்டு மூழ்கடியுங்கள், அல்லது நெருப்பில் போடுங்கள். கோழி வளர்ப்பவர்கள் பிளந்து போட்டால் அது பொறுக்கிவிடும். செடியடியில் சருகு சேரவிடாமல் கூட்டி எடுங்கள்.

இதோடு பத்து நாளைக்கு ஒரு முறை வேப்பங்கொட்டைக் கரைசல் தெளிக்கலாம். 100 கிராம் வேப்பம் பருப்பை இடித்து, துணியில் முடிந்து, இரண்டு லிட்டர் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறப்போடுங்கள். காலையில் பிழிந்து வடிகட்டி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து, சாயங்காலமாக இலையின் அடிப்பக்கமும் நனையும்படி தெளியுங்கள். பூச்சி முட்டை வைக்க அஞ்சும். இலையைச் சல்லடையாகச் சுரண்டும் புள்ளி வண்டுக்கும் இது நல்லது. காயைக் கழுவிச் சமைத்தால் போதும்.

இனப்பெருக்கத்துக்காக ஆண் பூச்சி தேடி வரும் வாசனையைக் காட்டிப் பிடிக்கிற இனக்கவர்ச்சிப் பொறியும் கிடைக்கிறது. ஆனால் ஒன்று. நீங்கள் மட்டும் ஒழுங்காகச் செய்து, அடுத்த வீட்டுக் கொல்லையில் சொத்தைக் காய் தொங்கினால், அங்கிருந்து பூச்சி பறந்து வரும். தெருவில் நாலு வீட்டார் பேசிவைத்துச் செய்யுங்கள்.

நடும்போது கவனிக்க வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். டிசம்பர், ஜனவரியிலோ, மே, ஜூனிலோ விதைத்து, 30 முதல் 35 நாள் நாற்றை எடுத்து, செடிக்குச் செடி இரண்டு அடி விட்டு நடுங்கள். குழிக்கு ஒரு கூடை மக்கிய எருவும் ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கும் போதும். தக்காளி, மிளகாய் இருந்த இடத்திலேயே கத்தரியை நடாதீர்கள். மூன்றும் ஒரே குடும்பம். ஒன்றின் வாடல் நோயும் வேர்முடிச்சு நூற்புழுவும் மற்றதற்கும் வரும். ஓரத்தில் செண்டுமல்லி வைத்தால் நூற்புழு குறையும். இலைகள் சிறுத்துக் கொத்தாகி, காய்க்காமல் நிற்கிற செடி சிற்றிலை நோய் கண்டது. தத்துப்பூச்சி அதை மற்றச் செடிகளுக்குப் பரப்பும். தயங்காமல் பிடுங்கி எரித்துவிடுங்கள்.

"பூ நிறையப் பூக்குது, காய் பிடிக்கலையே" என்று கேட்பவர்கள் பூவை உற்றுப் பாருங்கள். நடுவில் இருக்கும் சூல்தண்டு மஞ்சள் மகரந்தப் பைகளுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தால் அந்தப் பூ காயாகும். குட்டையாக உள்ளே ஒளிந்திருந்தால் அது உதிர்கிற பூ. எல்லாச் செடியிலும் இரண்டு வகையும் உண்டு. கோடை வெயிலில் உதிர்வது அதிகமாகும். அப்போது தண்ணீரை ஒழுங்காகக் கொடுத்து, செடியடிக்கு மூடாக்குப் போடுங்கள். மூடாக்கை மட்டும் அவ்வப்போது கிளறிப் பார்த்து, புழுக்கூடு இருந்தால் எடுத்துவிடுங்கள்.

காய்ப்பு ஓய்ந்த செடியைப் பிடுங்க அவசரப்படாதீர்கள். நோய் இல்லாத செடியாக இருந்தால் தரையிலிருந்து ஒரு அடி விட்டு வெட்டி, எரு வைத்துத் தண்ணீர் விடுங்கள். புதுக் கிளை வெடித்து மறுபடி காய்க்கும். வெட்டிய கிளைகளில் புழு இருக்கும் என்பதால் அவற்றையும் கொல்லையில் குவித்து வைக்காமல் எரித்துவிடுங்கள்.

இன்றைக்கே கொல்லைக்குப் போய், தலை தொங்கிய குருத்து எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அந்தக் குருத்துகளைக் கிள்ளுவதிலிருந்தே வேலையை ஆரம்பியுங்கள்.