பொம்மைகள் நடத்திய பள்ளி

எட்டடி இரண்டு அங்குல உயரமுள்ள ஒரு மஞ்சள் பறவை. குப்பைத் தொட்டிக்குள் குடியிருக்கும் ஒரு பச்சைச் சிடுமூஞ்சி. பிஸ்கட்டைக் கண்டால் தன்னை மறந்துவிடும் ஒரு நீலப் பூதம். அமெரிக்காவில் ஐம்பது வயதைக் கடந்தவர்களுள் பலர் தங்கள் குழந்தைப் பருவத்தை நினைவுகூரும்போது இந்தப் பொம்மைகளின் பெயர்களைத்தான் சொல்கிறார்கள். 1969 நவம்பர் 10 அன்று தொடங்கிய 'செசமி ஸ்ட்ரீட்' தொலைக்காட்சி நிகழ்ச்சி அவர்களுக்கு அளித்த உறவுகள் அவை. இனிய நினைவுகளுக்கும் பொருளாதாரத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். அந்த நினைவுகள் ஏழை, பணக்காரர் வேறுபாடின்றி ஒரு தலைமுறைக்கே வாய்த்தது எப்படி என்பதில்தான் தொடர்பு இருக்கிறது.

1966-இல் நியூயார்க் நகரில் நடந்த ஓர் இரவு விருந்தில் இந்த எண்ணம் பிறந்தது. கார்னகி அறக்கட்டளையில் பணியாற்றிய உளவியலாளர் லாயிட் மாரிசெட், தம் மூன்று வயது மகள் விடியற்காலையில் எழுந்து, நிகழ்ச்சிகள் தொடங்குவதற்கு முன்பே, தொலைக்காட்சியில் தெரியும் வெற்றுக் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் குறிப்பிட்டார். தொலைக்காட்சியால் குழந்தைகளுக்குக் கற்பிக்க முடியுமா என்று தயாரிப்பாளர் ஜோன் கான்ஸ் கூனியிடம் கேட்டார். ஏழைக் குழந்தைகள் முதல் வகுப்பில் நுழையும்போதே பின்தங்கியிருந்தது அன்றைய கவலை. வீடுதோறும் ஆசிரியரை அனுப்ப இயலாது. ஆனால் தொலைக்காட்சிப் பெட்டி பெரும்பாலான ஏழை வீடுகளையும் எட்டியிருந்தது. 1968-இல் ஏறத்தாழ 80 லட்சம் டாலர் திரண்டது. அதில் ஏறக்குறைய பாதி அரசுப் பணம். எஞ்சியது கார்னகி, ஃபோர்டு முதலிய அறக்கட்டளைகளுடையது.

அதன்பின் அவர்கள் செய்தது வியப்புக்குரியது. ஒளிபரப்புவதற்கு முன்பே குழந்தைகளிடம் சோதித்தார்கள். தொலைக்காட்சிப் பெட்டிக்கு அருகில் இன்னொரு திரையை வைத்து, ஏழரை நொடிக்கு ஒருமுறை வண்ணப்படங்களை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். குழந்தையின் கண் எந்தக் காட்சியில் அந்தப் பக்கம் திரும்புகிறது என்று குறித்துக்கொண்டார்கள். 1969 ஜூலையில் பிலடெல்பியாவில் நடந்த முன்னோட்டத்தில் ஓர் உண்மை புலப்பட்டது. பொம்மைகள் வரும்போது ஒன்றிப் பார்த்த குழந்தைகள், மனிதர்கள் மட்டுமே பேசும் தெருக் காட்சிகளில் கவனம் சிதறினார்கள். கற்பனையையும் நடப்பையும் கலந்தால் குழந்தை குழம்பிவிடும் என்று நிபுணர்கள் சொன்ன அறிவுரைப்படிதான் பொம்மைகளைத் தெருவிலிருந்து விலக்கியிருந்தனர். அந்த அறிவுரை கைவிடப்பட்டது. பொம்மைக் கலைஞர் ஜிம் ஹென்சன் மஞ்சள் பறவையையும் குப்பைத் தொட்டிக்காரனையும் உருவாக்கித் தெருவிலேயே குடியேற்றினார்.

பறவைக்குள் இருந்தவர் கரோல் ஸ்பின்னி. வலக்கையைத் தலைக்கு மேல் தூக்கி அதன் அலகையும் கண்ணிமையையும் இயக்குவார். இடக்கை இடச் சிறகாகும். வலச் சிறகு மீன்பிடி நரம்பு ஒன்றால் இடக்கையோடு இணைக்கப்பட்டு, இது தாழ அது எழும்பும். வெளியே எதுவும் தெரியாது. மார்பில் கட்டிய ஒரு சிறு திரையில் தம்மையே பார்த்துக்கொண்டு நடப்பார். இந்த உழைப்பில் பிறந்த பறவை, ஆறு வயதுக் குழந்தையாகவே பல ஆண்டுகள் வாழ்ந்தது.

அந்தப் பறவையின் வழியாகத்தான் மரணமும் கற்பிக்கப்பட்டது. கடைக்காரர் ஹூப்பராக நடித்த வில் லீ 1982-இல் காலமானார். வேறு நடிகரை அமர்த்தலாம், கடைக்காரர் ஊரை விட்டுப் போய்விட்டார் என்று சொல்லலாம். இரண்டையும் செய்யாமல், 1983 நவம்பரில் நன்றி தெரிவிக்கும் நாளன்று, பெற்றோரும் வீட்டில் இருக்கும் வேளையில், அவர் இறந்துவிட்டதைத் தெளிவாகவே சொன்னார்கள். அவருக்காக வரைந்த படத்தோடு நிற்கும் பறவை, ஏன் இப்படி நடக்க வேண்டும் என்று கேட்கிறது. பெரியவர்களிடம் காரணம் இல்லை; இல்லை என்பதை மறைக்கவும் இல்லை. பெரியவர்களுக்கான நாடகங்கள்கூட இவ்வளவு நேர்மையாக நடந்துகொள்வது அரிது.

அந்தத் தெருவில் கறுப்பரும் வெள்ளையரும் அடுத்தடுத்த வீட்டினராக வாழ்ந்தனர். அதற்காகவே 1970-இல் மிசிசிப்பி மாநிலக் கல்வித் தொலைக்காட்சி ஆணையம் நிகழ்ச்சியை ஒளிபரப்ப மறுத்து, எதிர்ப்பு வலுத்ததும் சில வாரங்களில் பணிந்தது.

பொதுப்பண்டம் என்பதை வகுப்பில் விளக்கும்போது கலங்கரை விளக்கத்தைக் காட்டுவது எங்கள் வழக்கம். ஒரு கப்பல் பயன்படுத்துவதால் மற்றொரு கப்பலுக்கு வெளிச்சம் குறைவதில்லை. கட்டணம் கட்டாத கப்பலை விலக்கவும் முடியாது. ஆன்டெனா வழியே வந்த அந்நாளைய ஒளிபரப்பும் அத்தகையதே.

அதன் பயனை அளக்க ஒரு தற்செயல் உதவியது. சில நகரங்களில் இந்நிகழ்ச்சி யு.எச்.எஃப். அலைவரிசையில் வந்ததால், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மக்களுக்கு அது கிடைக்கவில்லை. கிடைத்த ஊர்களையும் கிடைக்காத ஊர்களையும் பொருளியலாளர்கள் மெலிசா கியர்னியும் பிலிப் லெவினும் ஒப்பிட்டு, 2019-இல் ஆய்வை வெளியிட்டனர். கிடைத்த ஊர்க் குழந்தைகள் வயதுக்குரிய வகுப்பில் பின்தங்காமல் இருக்கும் வாய்ப்பு கூடியிருந்தது. ஆண் குழந்தைகளிடமும் கறுப்பினக் குழந்தைகளிடமும் ஏழைப் பகுதிகளிலும் பயன் மிகுதி. வளர்ந்தபின் அவர்கள் பெற்ற வருவாய், வேலை ஆகியவற்றில் இத்தகைய தெளிவான விளைவு தென்படவில்லை. வசதியான வீடுகளின் குழந்தைகளே கூடுதலாகப் பயன்பெற்று இடைவெளி விரியக்கூடும் என 1970-களிலேயே எழுந்த விமர்சனமும் புறந்தள்ளத்தக்கதன்று. ஆயினும் ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு ஐந்து டாலர் அளவிலான செலவில் இவ்வளவு சாதித்த கல்வித் திட்டங்கள் மிகச் சிலவே.

பண்டம் மாறவில்லை, வேலி வந்துவிட்டது. 2016 முதல் புதிய அத்தியாயங்கள் கட்டணத் தொலைக்காட்சியான ஹெச்.பி.ஓ.வில் முதலில் வந்தன. இலவசப் பொதுத் தொலைக்காட்சிக்கு ஒன்பது மாதங்கள் கழித்தே வந்தன. தயாரிப்பாளர்களைக் குறை சொல்வது எளிது. குறுந்தகடு விற்பனை சரிந்து வருவாய் வற்றிய நிலையில் அவர்கள் தேடிய வழி அது. 2022-இல் அந்த நிறுவனத்தின் இணையத் தளத்திலிருந்து ஏறத்தாழ 200 பழைய அத்தியாயங்கள் நீக்கப்பட்டன. 2025-இல் நெட்ஃபிளிக்ஸுடன் ஏற்பட்ட உடன்பாட்டில் அந்தக் காத்திருப்பு நீங்கியது: புதிய அத்தியாயங்கள் பொதுத் தொலைக்காட்சியிலும் அதே நாளில் வரும்.

ஆனால் அதே ஆண்டு ஜூலையில், பொது ஒளிபரப்புக்கென ஒதுக்கியிருந்த 110 கோடி டாலரை அமெரிக்க நாடாளுமன்றம் திரும்பப் பெற்றது. பெருநகர நிலையங்கள் நன்கொடை திரட்டிச் சமாளிக்கக்கூடும். அரசுப் பணத்தையே பெரிதும் நம்பியிருந்தவை சிற்றூர் நிலையங்கள். ஆன்டெனாவைத் தவிர வேறு வழியற்ற வீடுகள் பல இருப்பதும் அங்கேதான்.