எட்டு டிரம், 690 கிலோ, 26 சென்டிமீட்டர்: கண்மாய்த் தெப்பத்துக்கு ஒரு கணக்கு

690 கிலோ. நான்கு பேர், இரண்டு இரவுச் சாமான், தூண்டில், ஐஸ் பெட்டி, தெப்பத்தின் சொந்த எடை எல்லாம் சேர்ந்த தொகை இது. ஆவுடையார்கோவில் வட்டாரத்துக் கண்மாய் ஒன்றில் தங்கி மீன் பிடிக்க ஒரு மிதவைத் தெப்பம் கட்ட நினைப்பவர்கள் முதலில் எழுத வேண்டிய எண். ஆனால் பெரும்பாலோர் டிரம் விலையிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

காலி டிரம் மேல் பலகை போட்டு மிதக்கவிடுவது நம் ஊர்களுக்குப் புதிதல்ல. திருவாரூர் கமலாலயக் குளத்தில் கல்யாணசுந்தரர் ஏறிவரும் தெப்பம் நூற்றுக்கணக்கான காலி பீப்பாய்களின் மேல்தான் நிற்கிறது. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் கடல் விரால் வளர்க்கும் கூண்டுகளைத் தூக்கிப் பிடிப்பதும் 200 லிட்டர் டிரம்கள்தான். இரண்டுமே பல ஆண்டுகளாக ஆளையும் பாரத்தையும் சுமந்து காட்டியவை. ஆகவே மிதக்குமா என்ற கேள்விக்கு விடை உண்டு. நம் கண்மாய்க்குப் பொருந்துமா என்பதற்குத்தான் கணக்குப் போட வேண்டும்.

200 லிட்டர் நீல டிரம் ஒன்றின் எடை சுமார் 9 கிலோ, குறுக்களவு 58 சென்டிமீட்டர், உயரம் 93 சென்டிமீட்டர். முழுக்க அமிழ்ந்தால் 200 கிலோவைத் தாங்கும். எட்டு டிரம்முக்கு 1,600 கிலோ. அதில் பாதியை மட்டுமே, அதாவது 800 கிலோவை மட்டுமே, பாரத்துக்கு ஒதுக்க வேண்டும். மீதிப் பாதி அலைக்கும், ஆள் நகர்வதற்கும், ஒரு டிரம் ஓட்டையானால் சமாளிப்பதற்கும் உள்ள காப்பு.

தெப்பத்தின் சொந்த எடை இப்படி வருகிறது. டிரம்கள் 72 கிலோ. 40க்கு 40, 2 மில்லிமீட்டர் கனமுள்ள சதுர இரும்புக் குழாய் ஆறு நீளம், ஒன்று 14.3 கிலோ வீதம் 86 கிலோ. 12 மில்லிமீட்டர் நீர்தாங்கும் பிளைவுட் எட்டுக்கு நாலு அளவில் மூன்று, 75 கிலோ. போல்ட், பெல்ட், பெயின்ட் 13. தார்ப்பாயும் மூங்கிலும் 10. நங்கூரம் இரண்டு, துடுப்பு, ஊன்றுகோல் 14. ஆக 270 கிலோ. மேலே ஏறுவது 420: ஆட்கள் 280, குடிதண்ணீர் இரண்டு கேன் 40, ஐஸ் பெட்டி 35, அரிசி, அடுப்பு, பாத்திரம் 25, கூடாரமும் படுக்கையும் 20, தூண்டில் சாமான் 10, மிதவைச் சட்டை, டார்ச், முதலுதவிப் பெட்டி 10. இரண்டையும் கூட்டினால் 690. பாதி வரம்புக்கு இன்னும் 110 கிலோ மிச்சம் இருக்கிறது. கரையில் நிற்கும் மச்சானையும் ஏற்றிக்கொள்ள இது போதும் என்று தோன்றும். ஏற்றக் கூடாது. காப்பு என்பது செலவழிக்க வைத்த பணமில்லை.

நான்கு டிரம் போதாதா என்று கேட்பவர்களுக்கு: டிரம் குறைந்தால் எடையும் 654 கிலோவாகக் குறையும், ஆனால் தாங்கும் அளவு 800தான். நூற்றுக்கு 82 பங்கு அமிழும். ஆறு டிரம்மில் 56 பங்கு. எட்டில் 43. ஆறுக்கும் எட்டுக்கும் இடையே உள்ள செலவு வித்தியாசம் இரண்டு டிரம் விலைதான். அதைச் சேமிப்பது தவறு.

இனி எனக்கு முக்கியமாகப்படும் எண்ணுக்கு வருகிறேன். நம் கண்மாய்களில் தெப்பம் மூழ்குமா என்பதைவிட, தரை தட்டுமா என்பதே தினசரிப் பிரச்சினை. உள்வாயில் தண்ணீர் மெல்லிசாகப் பரந்து கிடக்கும். அடியில் நாட்டுக் கருவேல முட்டும் சீமைக் கருவேல முள்ளும் நிற்கும். டிரம்மைச் செங்குத்தாக நிறுத்திக் கட்டினால் 93 சென்டிமீட்டரில் 43 பங்கு, அதாவது 40 சென்டிமீட்டர் தண்ணீருக்குள் போகும். அதே எட்டு டிரம்மைப் படுக்கவைத்து, வரிசைக்கு நான்காக இரண்டு வரிசை கட்டினால் 26 சென்டிமீட்டர்தான் அமிழும். ஆள் ஏறாத வெறும் தெப்பமாக இருந்தால் 13. செலவில் ஒரு ரூபாய் கூடவில்லை, 14 சென்டிமீட்டர் மிச்சம். அந்த 14 சென்டிமீட்டரில்தான் முட்டுகள் இருக்கின்றன. பொழுது சாய்ந்தபின் விராலும் கெளுத்தியும் தேடிப் புல்லோரம் ஒதுங்குகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் கண்கூடாகத் தெரியும்.

படுத்த டிரம் நான்கைத் தலையும் காலுமாகச் சேர்த்தால் 3.72 மீட்டர், 12 அடிக்குச் சற்றே அதிகம். மூன்று பிளைவுட்டைக் குறுக்காகப் போட்டாலும் 12 அடி. இந்தப் பொருத்தத்தால்தான் எட்டு டிரம் என்ற எண்ணும் நிற்கிறது. அகலத்தில் ஒரு சிக்கல் உண்டு. கடையில் இருபதடி என்று சொல்லித் தரும் குழாய் உண்மையில் 6 மீட்டர், அதாவது 19 அடி 8 இன்ச்தான். 12 அடியும் 8 அடியும் வெட்டலாம் என்று போனால் 4 இன்ச் குறையும். குறுக்குச் சட்டத்தை 7 அடி 8 இன்ச் என்று வைத்தால் ஒரு நீளத்தில் நெடுக்கு ஒன்று, குறுக்கு ஒன்று, வெட்டு வாய்க்கு ஐந்து மில்லிமீட்டர் என்று கணக்காக முடியும். பலகை இருபுறமும் 2 இன்ச் வெளியே நிற்கும், அது நல்லதே. நெடுக்கு நான்கு, குறுக்கு ஏழு. குறுக்குகளுக்கு இடையே 2 அடி. இப்படி வைத்தால் பலகைகள் சேரும் 4 அடியிலும் 8 அடியிலும் அடியில் சட்டம் இருக்கும், மூட்டு தொங்காது. ஆறு நீளத்திலும் மிஞ்சும் துண்டுகளில் கைப்பிடிக்கு மூன்றடிக் கம்பங்கள் நான்கு கிடைக்கும்.

அகலத்தைக் குறைத்து 4 அடியாகக் கட்டினால் ஒரு ஆளே துடுப்புப் போடலாம் என்று ஆசை வரும். அதன் விலை இது. அகலத் தெப்பத்தில் இரு வரிசை டிரம்களின் நடுக்கோடுகளுக்கு இடையே 1.76 மீட்டர். நான்கு பேரும் ஒரே நேரத்தில், மீன் மாட்டியதும் பார்க்க ஓடுவதுபோல, ஒரு விளிம்புக்குப் போனால் 280 கிலோ 1.1 மீட்டர் தள்ளிப்போகிறது. சமமாக 345, 345 என்று இருந்த சுமை 520, 170 என்று மாறும். ஒரு வரிசை 36 சென்டிமீட்டர் அமிழும், மற்றது 15க்கு எழும். சாய்வு 6 அல்லது 7 டிகிரி. கால் வழுக்கும், ஆள் விழ மாட்டான். நாலடி அகலத்தில் நடுக்கோடுகளின் இடைவெளி 64 சென்டிமீட்டர் மட்டுமே. அதே நான்கு பேர் ஓரத்துக்கு வந்தால் சாய்வு 24 டிகிரி. அடுப்பும் கூடாரமும் மனிதரும் தண்ணீரில்தான். டிரம் எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றே. உயிரைக் காப்பது அகலம்.

விலைக்கு வருவோம். கீழே உள்ளவை கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட விலைகள். அறந்தாங்கியில் விசாரித்து அவரவர் மாற்றிக்கொள்ள வேண்டும். இரும்பும் பிளைவுட்டும் மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும்.

பழைய டிரம் 8, ஒன்று 1,200 வீதம்: 9,600 ரூபாய்
இரும்புக் குழாய் 86 கிலோ, கிலோ 80 வீதம்: 6,880
பிளைவுட் 96 சதுர அடி, அடி 100 வீதம்: 9,600
போல்ட், நட், வாஷர்: 1,500
லாரி பாரம் கட்டும் பெல்ட் 16, ஒன்று 150 வீதம்: 2,400
பிரைமர், பெயின்ட்: 2,500
வெட்டுக்கூலி, துளைக்கூலி இரண்டு நாள்: 2,400
தார்ப்பாய், மூங்கில்: 1,500
நங்கூரம், கயிறு: 1,200
துடுப்பு, ஊன்றுகோல்: 800
மிதவைச் சட்டை 4, ஒன்று 1,000 வீதம்: 4,000

கூட்டினால் 42,380. கைமீறுவதற்கு நூற்றுக்குப் பத்து, 4,238. மொத்தம் 46,618 ரூபாய். நால்வர் பங்கிட்டால் தலைக்கு 11,655.

இதில் வெல்டிங் கூலி இல்லை. வேண்டுமென்றே விட்டது. நெடுக்கும் குறுக்கும் சந்திக்கும் இடம் 28. ஒவ்வொன்றிலும் ஒரு போல்ட். வெல்டிங் வைத்தால் சட்டம் இன்னும் இறுகும்தான், ஆனால் பன்னிரண்டுக்கு எட்டடிச் சட்டத்தை எந்த வண்டியில் ஏற்றுவது? கழற்றினால் குழாய்க் கட்டு ஒன்று, பலகை மூன்று, டிரம் எட்டு. டிராக்டர் டிரெய்லரில் எல்லாம் படுத்துவிடும்.

அந்த டிரெய்லர் செலவு மேலே உள்ள பட்டியலில் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். போகவர 2,000 என்று வைத்து, பருவத்துக்கு நான்கு முறை போனால் 8,000. ஐந்து பருவத்தில் 40,000. தெப்பத்தின் விலையை ஏறக்குறைய எட்டிவிடும் தொகை. கண்மாய்க் கரையோரம் கொட்டகை உள்ள ஒருவரின் தயவு, இந்தத் திட்டத்தில் இரும்பைவிட விலை கூடியது. மடை, கலிங்கு பார்த்து, கரையில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்து, அதன்பின் கண்மாயைத் தேர்ந்தெடுக்கச் சொல்வேன்.

பருவம் என்று சொன்னேன். வடகிழக்குப் பருவமழைதான் நம் கண்மாய்களை நிரப்புகிறது. ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் ஏறினால் தை, மாசி வரை தெப்பம் ஓடும். மழைக்கு அடுத்துக் கடைமடையான நமக்கு உள்ள நம்பிக்கை கல்லணைக் கால்வாய். அது 1934இல் மேட்டூர் அணையோடு வந்தது. ஏறத்தாழ 148 கிலோமீட்டர் ஓடி மும்பாலை ஏரியில் முடிகிறது. ஜூன் 12 மேட்டூர் திறக்கும் நாள் என்றாலும் கடைமடைக்காரர்களுக்கு அந்தத் தேதி வேறு, தண்ணீர் வந்துசேரும் தேதி வேறு. ஆகவே ஆண்டில் நான்கு மாதம் என்று கணக்கு வைப்பதே நேர்மை. மீதி எட்டு மாதம் டிரம் வெயிலில் கிடக்கக் கூடாது. நிழலில் வைக்காத நீல டிரம் வெளிறி, பிறகு விரியும்.

டிரம் வாங்கும்போது அதில் முன்பு என்ன இருந்தது என்று கேட்டே ஆக வேண்டும். சமையல் எண்ணெய், குளுக்கோஸ் பாகு வந்த டிரம் பரவாயில்லை. பூச்சிமருந்தோ அமிலமோ இருந்ததை நூறு ரூபாய் குறைத்துத் தந்தாலும் தொடக் கூடாது. மாடு குடிக்கும் தண்ணீர், மனிதர் குளிக்கும் தண்ணீர் அது. கழுவிய நீரையும் கண்மாயில் ஊற்றக் கூடாது. டிரம்முக்குப் பதில் சாக்குக்குள் தெர்மாகோல் அடைத்து மிதவை செய்வதும் வேண்டாம். சாக்கு கிழிந்த நாளிலிருந்து உருண்டை உருண்டையாகக் கரையொதுங்கும். மீன் அதை இரையென்று விழுங்கும்.

மூடியை இறுக்கும் நேரத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. உச்சி வெயிலில் டிரம்முக்குள் காற்று 45 டிகிரி இருக்கும்போது மூடினால், 25 டிகிரித் தண்ணீரில் இறங்கியதும் உள்ளே அழுத்தம் நூற்றுக்கு ஆறு பங்கு குறையும். டிரம் ஒடுங்கும். மூடியின் ரப்பர் வளையம் கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் தண்ணீரை உள்ளே இழுக்கும். விடியற்காலைக் குளிரில் மூடினால், பகலில் உள்ளழுத்தம் வெளிநோக்கித் தள்ளும், தண்ணீர் ஏறாது. கடல் கூண்டுக்காரர்கள் டிரம்மில் காற்றை ஏற்றியே மூடுவதற்கும் இதுதான் காரணம். மூடியபின் சோப்பு நுரை தடவி, குமிழி வருகிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

காற்றையும் எடை போடலாம். மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பில் 4 கிலோவுக்கு மேல் தள்ளும். தார்ப்பாய், ஆட்கள், சாமான் எல்லாம் சேர்ந்து பக்கவாட்டில் 5 சதுர மீட்டர் வரும். 20 கிலோவுக்கு மேல் விசை. ஒருவர் துடுப்பில் தொடர்ந்து தரும் தள்ளு அதில் பாதிகூட வராது. காற்று எழும்போது செய்ய வேண்டியது தார்ப்பாயைச் சுருட்டி, இரண்டு நங்கூரத்தையும் போடுவதுதான். கலிங்கு வழிந்துகொண்டிருக்கும் நாளில் தண்ணீரில் இறங்கவே கூடாது.

மோட்டார் வைக்கலாமே என்பார்கள். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரி சுமார் 30 கிலோ. அதில் பாதியை மட்டும் எடுப்பதே பேட்டரிக்கு நல்லது. 25 ஆம்பியர் இழுக்கும் மோட்டார் இரண்டு மணி நேரம் ஓடும். காப்புக்கு வைத்த 110 கிலோவில் மோட்டாரும் பேட்டரியும் 40ஐத் தின்றுவிடும். 2021 உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி இயந்திரம் பொருத்திய கலத்துக்குப் பதிவும் ஆய்வும் வேண்டும். நாலாள் ஊன்றுகோல் போட்டுப் போகும் கண்மாயில் இது தேவையில்லை என்பது என் முடிவு. துடுப்புத் தெப்பமானாலும் ஊராட்சியில் ஒரு சொல் கேட்டு, மீன் குத்தகை எடுத்தவரிடம் ஒரு சொல் கேட்டுத்தான் இறக்க வேண்டும். குத்தகைக்காரர் காசு கொடுத்து மீன்குஞ்சு விட்டிருப்பார். தூண்டில் மட்டும், வலை இல்லை என்று முன்பே பேசிக்கொள்வது மரியாதை.

மீமிசல், முத்துக்குடா பக்கம் கடலில் இறக்கிப் பார்க்கும் யோசனையை அடியோடு விட்டுவிடலாம். உப்புநீர் டிரம்மை இன்னும் கொஞ்சம் நன்றாகத் தூக்கும், அவ்வளவே லாபம். போல்டில் கட்டிய சட்டம் அலையின் முறுக்கைத் தாங்காது. பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டர் 2022 செப்டம்பரில் கடற்பசு பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. அந்த ஆழம் குறைந்த நீரில் இருக்கும் கடற்புல்லைத் தின்றுதான் கடற்பசு பிழைக்கிறது. இழுபடும் நங்கூரம் புல்லை வேரோடு பெயர்க்கும். அங்கே கட்டுமரமும் வள்ளமும் பழகியவர்கள் இருக்கிறார்கள், அவர்களோடு போனால் போதும்.

கட்டி முடித்ததும் ஆளை ஏற்றாமல் சோதிக்க ஒரு வழி உண்டு, செலவில்லாதது. 20 லிட்டர் கேன் 21 இரவல் வாங்கி, தெப்பத்தை முழங்கால் அளவுத் தண்ணீரில் நிறுத்தி, கண்மாய்த் தண்ணீரையே நிரப்பி ஏற்றினால் 420 கிலோ. முன்கூட்டியே ஒவ்வொரு டிரம் முகத்திலும் அடியிலிருந்து 26 சென்டிமீட்டரில் வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு இட்டிருக்க வேண்டும். தண்ணீர் அந்தக் கோட்டில் நின்றால் எடைக் கணக்கு சரி. பிறகு 14 கேனைத் தெப்பத்தின் நடுவிலிருந்து ஒரு விளிம்புக்கு நகர்த்தி, இருபுறமும் அளவுகோல் வைக்க வேண்டும். தாழ்ந்த பக்கம் 36, எழுந்த பக்கம் 15. தாழ்ந்த பக்கம் 40ஐத் தாண்டினால் ஒரு டிரம்மில் தண்ணீர் ஏறியிருக்கிறது. கேனை இறக்கி, எட்டு மூடியையும் திறந்து பார்க்க வேண்டும்.