வெட்ட மனம் வராத பக்கங்கள்

1990 ஜூனில் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்குச் சனம் இடம்பெயர்ந்தபோது, அங்குள்ள காங்கேசன்துறை வெறிச்சோடியது. 1950இல் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலை நின்றது. துறைமுகமும் 1893ஆம் ஆண்டு வெளிச்சவீடும் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. ரயில் மீண்டும் வர 2015 ஜனவரி ஆயிற்று. காணி இன்னும் கிடைக்காதவர்களும் உண்டு.

இந்த ஊரைப் பற்றி எழுத உட்காருபவருக்குத் தன் எழுத்தில் ஒரு வரியையும் வெட்ட மனம் வராது. கிணற்றடி, பூவரசு வேலி, வளவு மூலையில் நின்ற பலா, பக்கத்து வீட்டாரின் பெயர்கள் எல்லாமே வேண்டும். ஒன்றை நீக்கினால் அதை இரண்டாந்தரம் இழப்பதுபோல் இருக்கும். அந்த வலியை நான் மதிக்கிறேன். ஆனால் கனடாவில் பிறந்த பேரப்பிள்ளை அதே பக்கத்தில் பெயர்களை மட்டுமே காண்கிறது. அங்கே வாழ்ந்த மனிதரைக் காணவில்லை.

இதைவிடப் பெரிய பிழை, கையெழுத்துப்படியை ஊரவருக்கு மட்டுமே வாசிக்கக் கொடுப்பது. கூடப் படித்தவர்கள் வாசித்துக் கண்கலங்குவார்கள். பக்கத்தில் எழுதாமல் விட்டதையும் தங்கள் நினைவிலிருந்தே நிரப்பிக்கொள்வார்கள். எழுதியவரோ தன் எழுத்தே அழவைத்தது என்று நம்பிவிடுவார். பிறகு வெளியீட்டு விழா: வாழ்த்துரை, நயவுரை, ஏற்புரை. அச்சாகிவிட்ட நூலைப் பற்றி அந்த மேடையில் யார் குறை சொல்லப் போகிறார்?

யாழ்ப்பாணத்தில் டொமினிக் ஜீவா 1966இல் தொடங்கிய ‘மல்லிகை’ போன்ற இதழ்கள் இருந்த காலத்தில், எழுதியவருக்கும் வாசகருக்கும் நடுவே ஓர் ஆசிரியர் இருந்தார். சொந்தச் செலவில் நூல் போடும் இன்று அந்த இடம் பெரும்பாலும் காலி. ஆகவே திருத்தும் வேலை எழுதியவர் தலையிலேயே விழுகிறது. அதில் வெட்கமில்லை: 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், அதோடு நிற்காமல் மேலும் சுவடிகளை ஒப்பிட்டுத் திருத்தி, 1907இல் இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தார். அச்சேறியதையே திருத்தலாம் என்றால், கையெழுத்துப்படியைத் திருத்த ஏன் தயங்க வேண்டும்?

ஊரைப் பற்றி எழுதிக்கொண்டிருப்பவர்களே, அச்சகத்துக்குப் போகுமுன் காங்கேசன்துறையை ஒருநாளும் பார்த்திராத ஒருவரிடம் கையெழுத்துப்படியைக் கொடுங்கள். அவர் கேள்வி கேட்கும்போது நீங்கள் வாயால் விளக்கத் தொடங்கும் இடமெல்லாம் எழுத்தில் விடுபட்ட இடம். அப்படித் திருத்தும்போது வெட்டிய பக்கங்களைத் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். அவை நூலுக்கு வேண்டாதவையாக இருக்கலாம், ஊரின் வரலாற்றுக்கு வேண்டும். ஈழத்து ஆவணங்களை எண்ணிம வடிவில் பாதுகாக்கும் நூலக நிறுவனத்திடம் அவற்றைக் கொண்டுபோய்க் கேட்டுப் பாருங்கள்.