வேருக்குள் ஒரு கூட்டாளி

உத்திரமேரூர் வட்டாரத்தில் நெல்லும் வேர்க்கடலையும் பயிராகின்றன. அங்கே ஒரு வேர்க்கடலைச் செடியைப் பிடுங்கி, மண்ணை உதறிவிட்டு வேரைப் பாருங்கள். சிறு முடிச்சுகள் தெரியும். காற்றிலுள்ள நைட்ரஜனைத் தழைச்சத்தாக்கித் தரும் பாக்டீரியாக்கள் அவற்றில் வாழ்வதைப் பாடநூலில் படித்திருப்பீர்கள். அதே வேரில் கண்ணுக்குப் புலப்படாத இன்னோர் உயிரும் குடியிருக்கிறது. அதுவே வேர் உட்பூசணம்.

பூசணம் என்றாலே பயிருக்குப் பகை என்றுதானே நினைக்கிறோம்? இதுவோ நண்பன். வேரும் பூசணமும் கூடி வாழும் இந்நிலைக்கு ஜெர்மானியத் தாவரவியலார் ஃபிராங்க் 1885-இல் 'மைக்கோரைசா' எனப் பெயரிட்டார். 'பூசண வேர்' என்பது இதன் பொருள்.

இதனால் செடிக்கு என்ன பயன்? மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், மண்ணில் எளிதில் நகராது. நாம் இடும் உரத்திலுள்ள மணிச்சத்தில் பெரும்பகுதியைச் செம்மண்ணில் இரும்பும் அலுமினியமும், சுண்ணாம்பு மண்ணில் கால்சியமும் பிடித்துவைத்துக் கொள்கின்றன. தன்னை ஒட்டி ஓரிரு மில்லிமீட்டருக்குள் கிடைக்கும் சத்தை உறிஞ்சியபின் வேர் காத்திருக்க வேண்டியதுதான். பூசண இழைகளோ தலைமயிரினும் மெல்லியவை. மண் துகள்களின் இடுக்குகளில் புகுந்து, சில சென்டிமீட்டர் தொலைவிலிருந்தும் மணிச்சத்தைக் கொண்டுவருகின்றன. வேரின் செல்லுக்குள் அவை சிறு மரம்போல் கிளைக்கின்றன. பண்டமாற்று நடப்பது அங்கேதான். செடிக்கு மணிச்சத்து, பூசணத்துக்குச் செடி தயாரித்த சர்க்கரையும் கொழுப்பும்.

இந்த உறவு எளிதில் முறியக்கூடியது. மணிச்சத்தை அளவுக்கு மீறி இட்டால், செடி பூசணத்தை உள்ளே விடுவதைக் குறைத்துக் கொள்கிறது. அடிக்கடி உழுதால் இழைகள் அறுபடுகின்றன. நீர் தேங்கிய நெல் வயலில் காற்றின்றிப் பூசணம் குறைகிறது. எனவே நெல்லுக்குப்பின் வரும் பயிருக்குக் கூட்டாளிகள் குறைவாகவே கிடைக்கலாம்.

இக்குறையை வெளியிலிருந்து நிரப்பலாம். உயிருள்ள வேரின்றி இப்பூசணம் பெருகாது. ஆகவே மக்காச்சோளம் போன்ற பயிர்களின் வேரில் வளர்த்து, அம்மண்ணையும் வேர்த்துண்டுகளையும் 'வேம்' என்னும் உயிர் உரமாகத் தருகிறார்கள். நாற்றங்காலில் சதுர மீட்டருக்கு 100 கிராம் வீதம், 2 முதல் 3 சென்டிமீட்டர் ஆழத்தில் இடுமாறு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. முளைவேர் கீழிறங்கும்போதே பூசணத்தைச் சந்தித்துவிடும். கத்தரி, மிளகாய் நாற்றுகளுக்கு இம்முறை ஏற்றது.

ஒன்றை மறக்கக்கூடாது. பூசணம் மணிச்சத்தை உண்டாக்குவதில்லை. மண்ணில் இருப்பதைத் தேடித் தருகிறது. மண்ணைப் பரிசோதித்துத் தேவையான அளவே உரமிட்டால் விவசாயியின் செலவும் குறையும், வேரிலுள்ள கூட்டாளியும் பிழைக்கும்.