குடும்பவழி வரும் புற்றுநோய்

அமெரிக்க நாட்டு மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆல்டிரட் வார்த்தின் என்னும் மருத்துவ அறிஞரிடம், 1895ஆம் ஆண்டில் ஒரு தையற்பெண் தன் துயரைச் சொன்னாள். அவள் குடும்பத்தில் பலர் குடலிலோ கருப்பையிலோ புற்றுநோய் கண்டு மாண்டிருந்தனர். தனக்கும் அதுவே கதி என்று அவள் அஞ்சினாள். அஞ்சியவாறே கருப்பைப் புற்றுநோயால் பின்னர் இறந்தாள். வார்த்தின் அக்குடும்பத்தின் வரலாற்றைத் திரட்டி, ‘ஜி குடும்பம்’ எனப் பெயரிட்டு, 1913இல் வெளியிட்டார். 1966இல் ஹென்றி லிஞ்ச் என்னும் மருத்துவர் இத்தகைய வேறு குடும்பங்களையும் விவரித்தார். இன்று அந்நிலை அவர் பெயராலேயே வழங்குகிறது.

புற்றுநோய் எல்லாம் பரம்பரை நோய் என்று எவரும் எண்ணிவிட வேண்டா. நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரையே அவ்வாறு வருவன. அவற்றிலும் பிள்ளைக்கு வந்து சேர்வது நோயன்று, காவலின் குறைவே. நம் உயிரணு பிரியும்போதெல்லாம் அதிலுள்ள மரபுச் செய்தி படி எடுக்கப்படுகிறது. படி எடுப்போர் பிழை செய்வது இயல்புதானே! அப்பிழைகளைத் திருத்தும் மரபணுக்களுள் ஒன்று எம்.எஸ்.எச். 2 என்பது. 1993இல் அது கண்டறியப்பட்டது. ஜி குடும்பத்தில் அந்த மரபணுவிலேயே ஓர் எழுத்து மாறியிருந்தது என்பது 2000ஆம் ஆண்டில் தெளிவாயிற்று. திருத்தும் ஆசிரியரின் ஏட்டிலேயே பிழை!

தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒவ்வொரு படியைப் பெறுகிறோம். ஆகவே, பழுதுற்ற படி பெற்றோரிடமிருந்து ஒரு பிள்ளைக்குச் சேரும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. இவ்விடத்தில் மாணவர்கள் பெரும்பாலும் இடறுகின்றனர். அண்ணனுக்கு வந்துவிட்டதாகையால் தம்பி தப்பினான் என்று கணக்கிடுகின்றனர். நாணயத்தை இரண்டாம் முறை சுண்டும்போது, முதல் முறை விழுந்தது தலையா பூவா என்பதை அது நினைவில் வைத்திருப்பதில்லை. நால்வருக்கும் வரலாம், ஒருவருக்கும் வாராமலும் போகலாம்.

எனவே, உறவினரைச் சோதிப்பதற்கு ஒரு முறை உண்டு. நோயுற்றவரின் குருதியையே முதலில் ஆராய வேண்டும். உடல்நலத்தோடு இருக்கும் மருமகனை முதலில் சோதித்து, ஒன்றும் காணவில்லை என்றால், அதற்குப் பொருள் என்ன? அவர் பழுதைப் பெறவில்லையா, அன்றிக் குடும்பத்துப் பழுது அச்சோதனைக்கு எட்டாத இடத்தில் இருக்கிறதா? சொல்ல இயலாது. நோயாளியிடம் பழுது இன்னதென்று தெரிந்துவிட்டால், உறவினரிடம் அந்த ஓரிடத்தை மட்டும் பார்த்தாற் போதும். உடன்பிறந்தார், மக்கள் என்று தொடங்கி, பழுது காணப்பட்டவரின் வழியே படிப்படியாகச் செல்வர்.

பழுது இல்லாதவருக்குப் பொதுமக்களுக்குள்ள அளவு அபாயமே. அந்தத் தையற்பெண்ணின் காலத்தில் குடும்பம் முழுவதும் அஞ்சியது; இன்று அஞ்ச வேண்டாதவரைப் பிரித்துக் காட்டலாம். பழுது உள்ளவர்கள் இருபது, இருபத்தைந்து வயது முதற்கொண்டு ஓரிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடலைக் குழாய்க் கருவியால் பார்த்துக்கொள்கின்றனர். புற்றாக மாறக்கூடிய சிறு முளைகள் அப்போதே நீக்கப்படுகின்றன. பிள்ளைப்பேறு முடிந்த பெண்களிற் சிலர் கருப்பையை அகற்றிக்கொள்வதும் உண்டு.

இவ்வளவும் ஒருவர் வாய் திறந்தால்தான் நடக்கும். உறவினருக்குச் செய்தி சொல்பவர் பெரும்பாலும் மருத்துவர் அல்லர், நோயாளியே. பேச்சுவார்த்தை அற்றுப்போன தமையனுக்கு யார் கடிதம் எழுதுவது? மனத்தை நோகச் செய்வானேன் என்று மறைப்போரும் உளர். அம்மறைப்பை இரக்கம் என்று நான் ஒப்புவதில்லை. ஆனால், செய்தி அறிந்தபின் சோதனை வேண்டா என்று மறுக்க வயது வந்த எவருக்கும் உரிமை உண்டு. குழந்தைப் பருவத்தில் தடுப்புச் செய்ய ஒன்றும் இல்லாத இத்தகைய நிலைக்குச் சிறுவரைச் சோதிப்பதும் வழக்கமன்று. வளர்ந்தபின் அவர்களே முடிவு செய்யட்டும் என விட்டுவிடுகின்றனர். மறுப்போரிற் சிலருக்கு வேலை போய்விடுமோ என்னும் அச்சமும் உண்டு. அமெரிக்காவில் 2008இல் இயற்றப்பட்ட சட்டம், மரபணுச் செய்தியைக் கொண்டு வேலை மறுப்பதையும் மருத்துவக் காப்புறுதி மறுப்பதையும் தடுக்கிறது. ஆயுள் காப்புறுதியை அது தொடவில்லை.