நல்லா ஓடுற என்ஜினைப் பிரிப்பதா, விடுவதா?
16 ஸ்பிரிங்குகளால் வந்த சிக்கல்!

கார் ஜோராக ஓடுகிறது. சத்தம் இல்லை, புகை இல்லை. ஆனால் கம்பெனியில் இருந்து கடிதம் வருகிறது. காரைக் கொண்டுவந்து விடுங்கள், என்ஜினைக் கழற்றி வால்வு ஸ்பிரிங் அத்தனையும் மாற்றித் தருகிறோம், ஒரு காசு தர வேண்டாம் என்கிறது கடிதம்.

இலவசம்தானே, போய் விட வேண்டியதுதானே என்று தோன்றும். அங்கேதான் சிக்கலே!

ஜப்பானின் சுபாரு கம்பெனி 2018 நவம்பரில் இப்படி ஒரு அறிவிப்பை வெளியிட்டது. உலகம் முழுவதும் சுமார் 4 லட்சம் கார்கள். அமெரிக்காவில் மட்டும் ஒன்றரை லட்சத்துக்கு மேல். இம்ப்ரெசா, பாரஸ்டர் போன்ற குடும்பக் கார்களோடு, வேகப் பிரியர்கள் ஆசை ஆசையாக வாங்கிய பி.ஆர்.இசட். காரும் பட்டியலில் இருந்தது. அதன் இரட்டைப் பிள்ளையான டொயோட்டா 86-ம் தப்பவில்லை. அமெரிக்காவில் 2016 வரை அதற்கு சயான் எப்.ஆர்.எஸ். என்று பெயர். பெரும்பாலும் 2012, 2013-ம் ஆண்டுகளில் தயாரான வண்டிகள்.

குடும்பக் கார் வைத்திருந்தவர்கள் பேசாமல் கொண்டுபோய் விட்டார்கள். தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் வேகக் கார்க்காரர்கள்தான்.

கண்ணுக்குத் தெரியாத தூசு

என்ஜினுக்குள் காற்று போகவும் புகை வெளியேறவும் வால்வுகள் உண்டு. கேம் ஷாப்ட் அமுக்கினால் வால்வு திறக்கும். திரும்ப மூட வைப்பது ஸ்பிரிங். பேனாவை அமுக்கினால் மேலே துள்ளுகிறதே, அதே வேலைதான். ஆனால் வேகம் வேறு. இந்த என்ஜின் உச்சத்தில் நிமிஷத்துக்கு 7,400 சுற்று சுற்றும். அப்போது ஒவ்வொரு வால்வும் செகண்டுக்கு 60 தடவைக்கு மேல் திறந்து மூடும். இரண்டு லிட்டர் என்ஜின், நாலு சிலிண்டர், 16 வால்வு, 16 ஸ்பிரிங்.

ஸ்பிரிங் கம்பியை உருக்கி வார்க்கும்போதே தலைமுடி கனம்கூட இல்லாத அழுக்குத் துணுக்கு உள்ளே மாட்டிக்கொள்வது உண்டு. வடிவமைத்தவர்கள் கணக்குப் போட்டதைவிட ஸ்பிரிங் மேல் விழுந்த பாரமும் அதிகம். இரண்டும் ஒரே ஸ்பிரிங்கில் சேர்ந்துவிட்டால் துணுக்கைச் சுற்றி மெல்ல மெல்ல விரிசல் விடும். ஒருநாள் படீர்! இப்படி முறிந்த கம்பியைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் நடுவில் துணுக்கு, சுற்றிலும் வட்டம். உலோக நிபுணர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் மீன் கண்.

முறிந்தால் வண்டி கடகடவென்று சத்தம் போடும். அல்லது ஓடும்போதே நின்றுவிடும், திரும்ப ஸ்டார்ட் ஆகாது. லாரிகள் பறக்கும் நெடுஞ்சாலையில் நடு வழியில் என்ஜின் நின்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

எந்த ஸ்பிரிங்கில் துணுக்கு இருக்கிறது என்று வெளியில் இருந்து பார்த்துச் சொல்ல வழி கிடையாது. அதனால்தான் மொத்தத்தையும் மாற்றச் சொன்னார்கள்.

பேஸ்ட் செய்த வேலை

மாற்றுவது லேசு இல்லை. சுபாரு என்ஜினில் சிலிண்டர்கள் நிமிர்ந்து நிற்காது. இடமும் வலமுமாகப் படுத்துக் கிடக்கும். ஸ்பிரிங் இருக்கும் பக்கம் காரின் இரண்டு ஓரச் சட்டங்களைப் பார்த்தபடி இருக்கும். கையை விட இடம் கிடையாது. ஆகவே என்ஜினையே வெளியே தூக்கி, செயின் மூடியைக் கழற்றி, கேம் ஷாப்டுகளை எடுத்துத்தான் ஸ்பிரிங்கைத் தொட முடியும். தேர்ந்த மெக்கானிக்குக்கே பத்து மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும்.

திரும்ப மூடும்போது அந்தப் பெரிய மூடிக்கு ரெடிமேட் கேஸ்கட் கிடையாது. பேஸ்டைத்தான் கோடு போட்டுத் தடவ வேண்டும். பழைய பேஸ்டைச் சுத்தமாகச் சுரண்டாமல் விட்டாலோ, புதுசை அள்ளி அப்பினாலோ, பிதுங்கிய துண்டுகள் உள்ளே விழும். ஆயிலோடு போய் அடியில் உள்ள ஆயில் சல்லடையை அடைக்கும். ஆயில் போகாவிட்டால் பேரிங் காலி. அப்புறம் என்ஜினே காலி!

இது கற்பனை அல்ல. 2019-ல் அமெரிக்க அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்துக்குப் புகார்கள் போயின. வேலை முடிந்து எடுத்து வந்த கார்களில் சில, கொஞ்ச தூரம் ஓடியதுமே என்ஜின் போய் நின்றுவிட்டன என்பது புகார்களின் சாரம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை ஆகிவிட்டது என்று காரின் சொந்தக்காரர்கள் கொதித்தார்கள். கடிதத்தைக் கையில் வைத்திருந்த மற்றவர்களுக்கு வயிற்றில் புளி கரைத்தது.

"இத்தனை நாள் முறியலையே!"

வேண்டாம் என்று ஒதுங்கியவர்கள் சொன்ன காரணம் இது: லட்சம் கிலோ மீட்டர் ஓடியாச்சு, முறியணும்னா எப்பவோ முறிஞ்சிருக்கும்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. மணிக்கு 60 கிலோ மீட்டர் வேகம், நிமிஷத்துக்கு 2,500 சுற்று என்று சராசரி வைத்தால், லட்சம் கிலோ மீட்டருக்குள் ஒவ்வொரு ஸ்பிரிங்கும் 12 கோடி தடவைக்கு மேல் அமுங்கி நிமிர்ந்திருக்கும். அதைத் தாங்கியது பெரிய விஷயம். ஆனால் உள்துணுக்கால் வரும் விரிசல், பத்து கோடி தடவைக்கு அப்புறமும் வேலையைக் காட்டும் ரகம். ஓடிய தூரம் ஆறுதல்தான், சர்டிபிகேட் அல்ல. அதிலும் பந்தயப் பாதையில் விரட்டுகிற கார் என்றால் அந்த ஆறுதலும் பாதிதான்.

பார்க்கப்போனால் இரண்டு ஆபத்தும் ஒரே மாதிரி இல்லை. ஸ்பிரிங்குக்குள் இருக்கும் துணுக்கை யாராலும் பார்க்க முடியாது. பேஸ்ட் தடவும் கை எது என்பதை விசாரித்துத் தெரிந்துகொள்ளலாம். ஆகவே மாற்றிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். முதலில் கண்ணில் பட்ட ஷெட்டில் விடுவது அல்ல. இதே வேலையை ஏற்கெனவே எத்தனை கார்களுக்குச் செய்திருக்கிறீர்கள், செய்த மெக்கானிக் யார் என்று கேட்டுவிட்டு விட வேண்டும். பதில் சொல்லக் கூச்சப்படுகிற இடத்தில் சாவியைக் கொடுக்கக் கூடாது.

வண்டி கைக்கு வந்ததும் வழக்கமான கெடு வரை காத்திராமல் ஆயிலை மாற்றி, பழைய பில்டரை வெட்டிப் பார்க்க வேண்டும். பேஸ்ட் துணுக்கு தென்பட்டால் ஆயில் தட்டைக் கழற்றிச் சல்லடையைப் பார்க்காமல் வண்டியை எடுக்கக் கூடாது.

இந்தக் கார்கள் இப்போது கை மாறி விற்பனைக்கு வருகின்றன. அமெரிக்காவில் அந்த அரசு நிர்வாகத்திடம் வண்டியின் அடையாள எண்ணைக் கொடுத்தால் வேலை பாக்கி இருக்கிறதா என்று தெரிந்துவிடும். பாக்கி இல்லை என்று பதில் வந்தால், எந்த ஷெட்டில், எத்தனை கிலோ மீட்டரில் செய்தது என்ற பில்லையும் கேட்டு வாங்கிக்கொண்டு, அப்புறம் விலை பேசலாம்.