உங்களுக்குத் தெரியுமா? காரைத் தின்னும் புழுதி

ஆலங்குளத்தில் அரசு சிமெண்ட் ஆலை இயங்கத் தொடங்கியது 1970இல். சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் ஊரில் புழுதிக்குப் பஞ்சமா? ஆனாலும் காரின் என்ஜினுக்கு எமன் சாதாரண ரோட்டு மண்தான். மோஸ் கடினத்தன்மை அளவில் சுண்ணாம்புக்கல்லில் உள்ள கால்சைட் 3. மண்ணில் கலந்திருக்கும் குவார்ட்ஸ் 7. ஏர் ஃபில்டர் கிழிந்திருந்தால் இந்தத் துகள் உள்ளே புகுந்து பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் அராவிவிடும். ஆயில் குறையும், புகை கக்கும்.

ஜெர்மனியிலிருந்து கப்பலேறி வந்த கார், ஸ்ரீபெரும்புதூரில் செய்த கார் என்ற பேதமெல்லாம் மண்ணுக்குக் கிடையாது. புழுதிச் சாலையில் ஓடும் வண்டிக்கு ஃபில்டரைச் சீக்கிரமே மாற்றச் சொல்லி, காரோடு தரும் கையேட்டிலேயே அச்சிட்டிருப்பார்கள். (அந்தப் பக்கத்தை யார் புரட்டுகிறார்கள்!) கம்ப்ரஸரில் வேகமாகக் காற்றடித்தால் காகித ஃபில்டர் கிழியக்கூடும், அழுக்கேறியதைக் கழற்றிவிட்டுப் புதிதாகவே போடுங்கள்.